பாக்கிறதுக்கும் காசோ?

மாமாவின்ர பழைய யப்பான் காரில் ஒருநாள், சறுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் லைற் எரியத் தொடங்கியது. பக்கத்தில் ஏ.பி.எஸ் லைற்றும். கராஜில் ஸ்கானரைக் கொழுவினார்கள். சி0035 என்று கோட் வந்தது. "முன் இடது சென்சர் போயிட்டுது அண்ணை, மாத்தவேணும்" என்றார்கள். மாத்தினோம். மூன்றாம் நாள் லைற் திரும்பவும் வந்தது.

அந்தக் கோட் சொல்வது, முன் இடது சில்லின் வேக சென்சர் சேர்க்கிட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சேர்க்கிட் என்றால் சென்சர் மட்டுமில்லை. வயர், கனெக்டர், மறுமுனையில் இருக்கிற கொன்ட்ரோல் யூனிற் எல்லாம் அதற்குள் அடங்கும். ஸ்கானர் தெருவைக் காட்டும், வீட்டை நாங்கள்தான் தேடவேணும்.

இந்த லைற்றை லேசாக எடுக்கக் கூடாது. ஸ்ரெபிலிற்றி கொன்ட்ரோல் நாலு சில்லின் வேகத்தையும், ஸ்டியரிங் திரும்பிய கோணத்தையும், கார் உண்மையில் திரும்புகிற வேகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வளைவில் கார் வழுக்கினால் தேவையான சில்லுக்கு மட்டும் தானாகப் பிரேக் போடும். ஒரு சென்சரின் கணக்குப் பிழைத்தால் அது தன்னை நிறுத்திக்கொள்ளும். சாதாரண பிரேக் வேலை செய்கிறபடியால் நாங்களும் "ஓடுதுதானே" என்று விட்டுவிடுகிறோம். வித்தியாசம் தெரிய ஒரு மழைநாள் வளைவு போதும்.

இரண்டாவது கராஜில் இருந்த அண்ணா முதலில் பற்றரியை அளந்தார். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற், பிழையில்லை. பிறகு ஸ்கானரில் நாலு சில்லின் வேகத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டு மெதுவாக ஓடச் சொன்னார். மூன்று சில்லும் 20 காட்ட, முன் இடது சில்லு இடைக்கிடை 0 காட்டியது. அதுவும் ஸ்டியரிங்கை ஒடிக்கிற நேரம் மட்டும். காரை ஜக் அடித்துத் தூக்கி, வயரின் இரண்டு முனையையும் கழற்றி, மீற்றரை வைத்துக்கொண்டு வயரை ஆட்டினார். வெளித்தோல் நல்லாத்தான் இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் வளைந்து நிமிர்கிற வயர் அது.

முதல் கராஜைத் திட்டுவது சுகம். ஆனால் பிழையில் பாதி எங்களுடையது. தேடிப் பிடித்ததற்கு அந்த அண்ணா கூலி கேட்டபோது மாமா சொன்னது: "பாக்கிறதுக்கும் காசோ?" தேவையில்லாத சென்சருக்கு வாய் திறக்காமல் காசு எண்ணிக் கொடுத்தவர்! சாமானுக்குக் காசு கொடுப்போம், தேடுகிற நேரத்துக்குக் கொடுக்க மாட்டோம். பிறகு ஏன் ஒருவர் மினக்கெட்டு அளக்கப்போகிறார்? ஊகித்து மாத்துவதுதான் அவருக்கும் லாபம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அவ்வளவு காலமும் இருக்கிற வாகனங்களைத்தான் ஓடினோம். அவற்றின் வயர்களும் சேர்ந்துதான் கிழடானது. இந்தக் கோளாறுகள் இனிக் கூடத்தான் செய்யும்.

அடுத்தமுறை "மாத்தவேணும்" என்று சொன்னால், "எதை அளந்து பாத்தனீங்கள்?" என்று கேளுங்கள். ஒழுங்கான பதில் வந்தால், அந்த அளவைக்கும் சேர்த்துக் காசைக் கொடுங்கள்.