ஆளை மாத்தியாச்சு, மரக்காலை மாத்தியாச்சா?



போன கூட்டத்தில் நம்ம இளம் உறுப்பினர் ஒருத்தர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "விவசாயிங்க போராட்டத்துக்குப் பயந்து அரியானாவுல ஆளுங்கட்சியே தன்னோட முதலமைச்சரை மாத்துச்சே. நாமளும் பத்துக் கோரிக்கைய எழுதிக்கிட்டு அலையறதுக்குப் பதிலா, 'மேல இருக்குற ஆளை மாத்து'ன்னு ஒரே கோஷமாப் போட்டா என்ன?" என்றார். பாதிக் கூட்டம் கை தட்டியது. பெரியவர்கள் சிலர் மட்டும் பேசாமல் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நேரமில்லை. இந்தத் துண்டறிக்கையில் பதில் சொல்வோம்.

குத்தகைக் காலத்துக் கதை ஒன்றை நம்ம பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். களத்து மேட்டில் பண்ணையாரின் கணக்குப்பிள்ளை நெல் அளப்பான். மரக்கால் கள்ள மரக்கால். பத்து அளந்தால் ஒண்ணு அவன் பக்கம் போகும். ஜனங்கள் கூடிக் கூச்சல் போட்டார்கள். பண்ணையார் உடனே கணக்குப்பிள்ளையை நிறுத்திவிட்டு வேறொருத்தனைப் போட்டார். புதுசா வந்தவன் 'அண்ணே' 'அப்பா' என்று வாய் நிறையக் கூப்பிட்டான். ஜனங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூணு போகம் போன பிறகுதான் ஒரு கிழவி கேட்டாளாம்: "ஆளை மாத்துனீங்க, மரக்காலை மாத்துனீங்களா?"

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அரியானாவைப் பார்ப்போம்.

அங்கே மனோகர் லால் கட்டார் 2014 அக்டோபரில் முதலமைச்சர் ஆனார். 2020-ல் மத்திய அரசு மூன்று வேளாண் சட்டங்களைக் கொண்டு வந்தது. அந்தச் சட்டம் பஞ்சாப், அரியானாவுக்கு மட்டும் வந்ததல்ல, நமக்கும் சேர்த்துத்தான் வந்தது. அந்த நவம்பரில் டெல்லிக்குக் கிளம்பிய விவசாயிகளை அரியானா போலீஸ் நெடுஞ்சாலையில் குழி வெட்டித் தடுத்தது. குளிரில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. 2021 ஜனவரி 10-ந் தேதி, சொந்தத் தொகுதி இருக்கும் கர்னால் மாவட்டத்திலேயே, கைம்லா என்ற கிராமத்தில் கட்டார் பேச வேண்டிய மேடைக்கு விவசாயிகள் புகுந்துவிட்டார்கள். ஹெலிகாப்டர் இறங்க முடியாமல் கூட்டமே ரத்தானது. அதே வருஷம் ஆகஸ்ட் 28-ல் அதே மாவட்டத்தில் விவசாயிகள் மேல் தடியடி. நவம்பர் 19-ல் மூன்று சட்டங்களையும் வாபஸ் வாங்குவதாகப் பிரதமர் அறிவித்தார். அந்த வெற்றி ஆள் மாறி வந்ததல்ல. பிரதமரும் மாறவில்லை, முதல்வரும் மாறவில்லை. சட்டத்தைத்தான் எதிர்த்தார்கள், சட்டம்தான் போனது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் போனாலும், ஆதார விலைக்குச் சட்டப்படி உத்தரவாதம் வேண்டும் என்ற கோரிக்கை நின்றுவிட்டது. அதைக் கேட்டு 2024 பிப்ரவரியில் பஞ்சாப் விவசாயிகள் மறுபடி கிளம்பினார்கள். அரியானா அரசு ஷம்பு, கனௌரி எல்லைகளில் கான்கிரீட் சுவரும் முள்கம்பியும் போட்டு மறித்தது. கண்ணீர்ப் புகைக்குண்டு விழுந்தது. பிப்ரவரி 21-ல் கனௌரியில் ஒரு இளம் விவசாயியின் உயிர் போனது. அந்த மாதத்தில் சண்டிகரில் மத்திய மந்திரிகள் விவசாயிகளோடு நாலு சுற்றுப் பேசினார்கள். அப்போதைய வேளாண் மந்திரி அர்ஜுன் முண்டாவும் அதில் இருந்தார். பயறு, மக்காச்சோளம், பருத்தியை ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு ஆதார விலைக்கு வாங்குகிறோம் என்றார்கள். அது போதாது என்று விவசாயிகள் மறுத்துவிட்டார்கள். முடிவு வரவில்லை.

அடுத்த மாதம் என்ன நடந்தது? மார்ச் 11-ந் தேதி குருகிராமில் ஒரு சாலைத் திறப்பு விழா. பிரதமர் மேடையில் கட்டாரைப் பாராட்டி, பழைய நாளில் இருவரும் மோட்டார் சைக்கிளில் சுற்றிய கதையைச் சொன்னார். மறுநாள் காலையில் கட்டாரும் மந்திரி சபையும் ராஜினாமா. கட்சி மேலிடப் பார்வையாளராக வந்தவர்களில் ஒருவர் அதே அர்ஜுன் முண்டா. அன்று சாயங்காலமே கட்சியின் மாநிலத் தலைவராக இருந்த நாயப் சிங் சைனி முதலமைச்சராகப் பதவி ஏற்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விளைச்சலுக்கு விலை சொல்ல நாலு சுற்றுப் பேச்சு போதவில்லை. ஒன்பதரை வருஷ முதலமைச்சரை மாற்ற ஒரு பகல் போதுமாக இருந்தது. அவர்களுக்கு எது சுலபம் என்று இதிலேயே தெரியவில்லையா?

விவசாயிகள் கோபம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பத்து வருஷ ஆட்சியின் மேல் எல்லாருக்கும் இருந்த சலிப்பு, சாதிக் கணக்கு, கூட்டணிக் கட்சியோடு முறிவு என்று பலதும் சேர்ந்தது. ஆனால் எந்தக் காரணமானாலும் முடிவெடுத்தது கட்சி மேலிடம். வெயிலில் உட்கார்ந்திருந்தவனை யாரும் கேட்கவில்லை. இறக்கப்பட்டவருக்கும் நஷ்டமில்லை. மூணே மாதத்தில் எம்.பி. ஆகி, மத்திய மின்சாரத் துறை மந்திரியும் ஆனார்.

புது முதல்வர் வந்தாரே, சுவர் போனதா? போகவில்லை. 2024 ஜூலை 10-ல், ஷம்பு எல்லையை ஒரு வாரத்துக்குள் திறக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. புது முதல்வரின் அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனது. அந்த டிசம்பரில் 101 பேர் கொண்ட குழு டிராக்டர் இல்லாமல் வெறும் காலோடு நடந்து வந்தபோதும் கண்ணீர்ப் புகைதான் கிடைத்தது. 2025 மார்ச் 19-ல் பஞ்சாப் போலீஸ் விவசாயிகளின் கொட்டகைகளைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அரியானா சுவரை எடுத்தது. அதாவது, விவசாயி எழுந்து போன பிறகுதான் வழி திறந்தது. கேட்ட உத்தரவாதச் சட்டம் அன்றைக்கும் வரவில்லை.

பஞ்சாபையும் பாருங்கள். அங்கே 2021 செப்டம்பரில் காங்கிரஸ் கட்சி தன் முதலமைச்சர் அமரீந்தர் சிங்கை மாற்றி சரண்ஜித் சிங் சன்னியைப் போட்டது. 2022 தேர்தலில் 117-ல் 18 இடம்தான் வந்தது. சன்னியே நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்றார். ஜனங்கள் ஆளை மட்டுமல்ல, கட்சியையே மாற்றி ஆம் ஆத்மிக்கு 92 இடம் கொடுத்தார்கள். கொட்டகையைப் பிரித்த போலீஸ் அந்தப் புதுக்கட்சி அரசின் போலீஸ்தான். ஒரு மாநிலத்தில் ஆள் மாறியது, இன்னொன்றில் கட்சியே மாறியது. மரக்கால் இரண்டு பக்கமும் அதே மரக்கால்.

அப்படியானால் ஆளை மாற்றுவதால் நமக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் அரியானா ஆளுங்கட்சிக்கு 10-ல் 5 இடம்தான் வந்தது. 2019-ல் பத்தும் அவர்களுடையது. சட்டமன்றத் தேர்தலும் வாசலில் நின்றது. அந்த ஆகஸ்ட்டில் சைனி அரசு, ஆதார விலை உள்ள எல்லாப் பயிரையும் அந்த விலைக்கே வாங்குவோம் என்று சொல்லி, புதுசாகப் பத்துப் பயிர்களைப் பட்டியலில் சேர்த்தது. புது ஆளுக்கு நல்ல பேர் வாங்கும் அவசரம் இருக்கும், அதுதான் நம்ம பருவம். ஈரம் இருக்கும்போதே ஏர் பூட்ட வேண்டும்.

ஆனால் அந்தப் பத்துப் பயிரில் கொப்பரையும் ஒன்று! கோதுமையும் கடுகும் விளையும் அரியானாவில் எத்தனை தென்னந்தோப்பைப் பார்த்திருக்கிறீர்கள்? சணலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அறிவிப்பைக் கேட்டுக் கை தட்டுவதற்கு முன்னால் பட்டியலை வாங்கி வாசிக்க வேண்டும் என்பது இதில் நமக்குப் பாடம். அவர்களுக்கு அறிவிப்பு போதுமானதாக இருந்தது. அக்டோபர் 8-ல் வந்த முடிவில் 90-ல் 48 இடம் பிடித்து மறுபடி ஆட்சிக்கு வந்தார்கள். குஜராத்திலும் இதே வைத்தியம்தான். 2021 செப்டம்பரில் முதல்வரையும் மந்திரிகளையும் ஒட்டுமொத்தமாக மாற்றினார்கள். 2022 டிசம்பரில் 182-ல் 156 இடம் வந்தது.

ஆக, பேர் கெட்ட தலைவரை ஆளுங்கட்சி மாற்றுவது தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை. செய்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் கட்சி. நாம் போய் அந்தச் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்க வேண்டியதில்லை. 'ஆளை மாத்து' என்று நாம் கோஷம் போட்டால், மாற்றிவிட்டு, "நீங்க கேட்டதைக் கொடுத்தாச்சு, எழுந்து போங்க" என்பார்கள். அப்போது நம்மிடம் பதில் இருக்காது.

அதனால் நம்ம சங்கம் மூன்று விஷயத்தை உங்கள் முன்னால் வைக்கிறது.

ஒன்று: நம்ம கோஷத்தில் எந்த ஆள் பேரும் வேண்டாம். வாழ்கவும் வேண்டாம், ஒழிகவும் வேண்டாம். விலை, எடை, தண்ணீர், கடன் - இவைதான் வர வேண்டும்.

இரண்டு: புதுசா யார் பொறுப்புக்கு வந்தாலும் முதல் வாரமே போவோம். மாலை, பொன்னாடை எடுத்துக்கொண்டு போகமாட்டோம். மனுவோடு போவோம். மனு பெற்றதற்கு ரசீது வாங்குவோம். 'பார்க்கலாம்', 'செய்யலாம்' என்ற பேச்சைக் கணக்கில் சேர்க்கமாட்டோம். அரசாணை எண்ணும் தேதியும் கேட்போம்.

மூன்று: தேர்தல் வருகிற வரை விடாமல் கேட்போம். ஓட்டு விழுந்த மறுநாள் நம்ம மனு பழைய பேப்பர் ஆகிவிடும்.

இந்த நியாயம் நமக்கும் பொருந்தும். சங்கத்தில் செயலாளர் சரியில்லை என்றால் மாற்றுங்கள், நமக்கு வருத்தமில்லை. ஆனால் அடுத்து வருகிறவரிடமும் வரவு செலவு நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் அங்கேயும் மரக்கால் பழசாகத்தான் இருக்கும்.

அந்தக் கதையின் முடிவைச் சொல்லவில்லையே. கிழவி கேட்ட பிறகு ஊர் கூடிப் பணம் போட்டு, சர்க்கார் முத்திரை குத்திய மரக்கால் ஒன்றை வாங்கிக் களத்தில் கொண்டுவந்து வைத்ததாம். "யார் வேணாலும் அளங்க, இதுல அளங்க" என்றார்களாம். அதன் பிறகு கணக்குப்பிள்ளை யார் என்று எவரும் கவலைப்படவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு ஊரும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். கொள்முதலில் மூட்டைக்கு எத்தனை கிலோ கூடப் பிடிக்கிறார்கள், எத்தனை நாள் கழித்துப் பணம் வருகிறது, எந்த மடை அடைபட்டுக் கிடக்கிறது - தேதியோடு, அளவோடு எழுதுங்கள். அந்தத் தாள்தான் நம்ம முத்திரை மரக்கால். அதை எடுத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து போவோம். நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதில்தான் அளக்கச் சொல்வோம்.

உழவர் ஒற்றுமை ஓங்குக!