ஒரு சிபியு, ஆறு திரை: மிச்சம் எங்கே?

2008-இல் ஆந்திர அரசு 5,000 பள்ளிகளில் கணினிக் கூடம் அமைத்தபோது ஆளுக்கொரு கணினி வாங்கவில்லை. சிபியுவுக்குள் என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் அட்டையைச் செருகி, கேபிள் இழுத்து, ஒரே கணினியைப் பல மாணவர்களுக்குப் பங்கிட்டது. திரையும் கீபோர்டும் மவுஸும் மட்டும் தனித்தனி. மறுஆண்டே பிரேசில் கல்வி அமைச்சகம் இந்த வழிக்கு லினக்ஸோடு வந்தது. அங்கே இருக்கைகள் 3 லட்சத்துக்கும் மேல்.

உத்தி பழையது. யானை விலை இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1961-லேயே செய்துகாட்டிவிட்டது. மாணவர் ஒரு பத்தி தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பிராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் கிடக்கிறது. அந்தச் சும்மா நேரத்தை அடுத்த திரைக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

மின்கட்டணத்தைப் பார்ப்போம். சிபியு ஒன்றுக்கு 100 வாட் என்று வைத்தால், ஆறுக்கு 600. பகிர்ந்தால் நூற்றுச் சொச்சம். ஆறில் ஐந்து பங்கு மிச்சம் என்று விற்பனையாளர் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஆனால் திரைகள் குறையவில்லையே! அந்தக் காலத்துக் குண்டுத் திரை 75 வாட் என்றால் ஆறுக்கு 450. கூட்டிப் பார்த்தால் 1,050 வாட் சுமார் 555 ஆகிறது. பாதிகூட மிச்சமில்லை. இதுவும் நல்ல லாபம்தான். ஆனால் சொன்ன லாபமல்ல. மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸ் என்றால் உரிமக் கட்டணத்தையும் இருக்கைக் கணக்கில்தான் கட்ட வேண்டும். லினக்ஸில் அந்தச் செலவு இல்லை.

என் கணிப்பில் உண்மையான மிச்சம் பராமரிப்பில் இருக்கிறது. வைரஸ் நீக்குவதும் மென்பொருள் ஏற்றுவதும் ஆறு முறைக்குப் பதில் ஒரே முறை. ஆபத்தும் அங்கேதான். சிபியுவுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். புகைந்தால் ஆறு திரையும் ஒன்றாக அணையும். ஒரு பையன் முழுத்திரையில் வீடியோ போட்டால் மற்ற ஐவரின் மவுஸ் அம்புக்குறியும் திக்கித் திணறும். மெக்கானிக் வர ஒரு வாரமாகும் ஊரில், தனித்தனிக் கணினி இருந்தால் ஒருவருக்குத்தான் வகுப்பு போகும். இங்கே ஆறு பேருக்கும் போகும்.

2011-இல் தமிழ்நாடு எதிர்த்திசையில் போய் மாணவர் கையிலேயே மடிக்கணினி கொடுத்தது. செலவு அதிகம், ஆனால் ஒன்று பழுதானால் ஒன்றுதான் பழுது. மாலையில் அது வீட்டுக்கும் போகும்.

பகிர்வுக் கணினிக்கு டெண்டர் விடும் துறை, பள்ளிக்கு ஒரு மாற்று சிபியுவையும் இரண்டு நாளில் வந்து சரிசெய்யும் ஒப்பந்தத்தையும் விலையில் சேர்த்துக் கேட்கட்டும். அதற்குப் பிறகும் தொகை குறைவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.