கன்றுக்கு முதலில் வேர், பிறகே உரம்

மாணவர்களே, உங்கள் பள்ளித் தோட்டத்துக்குப் பத்து திசு வளர்ப்பு வாழைக்கன்றுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நட்ட அன்றே கை எங்கே போகும்? உர மூட்டைக்குத்தான். ஆளுக்கொரு கைப்பிடி அள்ளித் தண்டின் அடியில் போடுவோம். நிறையப் போட்டால் விரைவில் வளரும் என்ற நம்பிக்கை நமக்கு. சில நாளில் இலையோரம் கருகினால், "ஆய்வுக்கூடக் கன்று அல்லவா, வலு இருக்காது" என்று கன்றின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். என் கருத்து வேறு: தவறு பெரும்பாலும் கன்றிடம் இல்லை, நம் அவசரத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கன்று வளர்ந்த விதத்தைப் பாருங்கள். வாழைக் கிழங்கின் வளர்நுனியிலிருந்து சிறு திசுவை எடுத்து, கிருமியில்லாத குடுவையில் வளர்க்கிறார்கள். குடுவையிலுள்ள ஊடகத்தில் தாது உப்புகளோடு சர்க்கரையும் உண்டு. பெரும்பாலும் லிட்டருக்கு 30 கிராம். உணவு தயாராகக் கிடைத்தது, காற்றிலும் ஈரம் குறையவில்லை. அதனால் இலையின் மெழுகுப் படலம் மெல்லியது, வேர்த்தூவிகளும் குறைவு. நாற்றுப்பண்ணையில் சில வாரங்கள் பழக்கிய பிறகே கன்று நம்மிடம் வருகிறது. தாய்மரத்தின் பக்கத்திலிருந்து தோண்டியெடுக்கும் கன்றுக்குப் பெரிய கிழங்கில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கும். இதற்கு அந்தச் சேமிப்பு மிகக் குறைவு.

இப்படிப்பட்ட வேரின் பக்கத்தில் உரத்தைக் குவித்தால் என்ன ஆகும்? இரசாயன உரம் பெரும்பாலும் கரையும் உப்பு. மண்நீரில் உப்பின் செறிவு கூடினால், வேரால் நீரை உறிஞ்ச முடியாது. வேரிலுள்ள நீரே வெளியேறலாம். நீங்கள் பாடத்தில் படிக்கும் சவ்வூடு பரவல் இதுதான். உப்பில் ஊறும் மாங்காய்த் துண்டு சுருங்குவதும் இதே காரணத்தால்தான். ஈர மண்ணில் நின்றுகொண்டே கன்று தாகத்தில் வாடும்.

அப்படியானால் உரமே வேண்டாமா? வேண்டும். வாழைக்குப் பொட்டாசியம் ஏராளமாகத் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பு வாழைக்கு வழக்கத்தைவிட 50 விழுக்காடு கூடுதல் உரத்தையே பரிந்துரைக்கிறது. ஆனால், நட்ட 2, 4, 6, 8ஆம் மாதங்களில் பிரித்துப் போடச் சொல்கிறது. ஆகவே, எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம். நம் ஊர் மழைக்கு அதை இன்னும் சிறு தவணைகளாகப் பிரிப்பது நல்லது என்பேன். மொத்தமாகக் கொட்டினால், ஒரே மழையில் நைட்ரஜனும் பொட்டாசியமும் கால்வாய்க்குப் போய்விடும். காசும் வீண், நீர்நிலையில் பாசியும் பெருகும்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். நான்கு கன்றுகளுக்கும் ஒரே அளவு உரத்தை நிறுத்து வையுங்கள். இரண்டுக்கு முதல் நாளே முழுவதையும் போடுங்கள். மற்ற இரண்டுக்கும் புதிய இலை விரியும்வரை தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். பிறகு தேக்கரண்டி தேக்கரண்டியாக, தண்டைவிட்டுத் தள்ளி, வட்டமாகத் தூவி நீர் ஊற்றுங்கள். வாரந்தோறும் இலைகளை எண்ணி எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை வீட்டிலும் காட்டுங்கள். அடுத்த முறை உர மூட்டையைப் பிரிக்கும்முன் அப்பா ஒரு கணம் யோசிப்பார்.