அறை கேட்பவரிடம் எதைக் கேட்கலாம்?

வேலைக்காக வெளியூர் வரும் தொழிலாளர்களுக்கு அறை பதிவு செய்து தர ஒரு எளிய செயலி வேண்டும் என்று சொன்னால், பொறியாளர் நண்பர்கள் உடனே படம் போட்டுக் காட்டுவார்கள். மூன்று திரை போதும். எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன வாடகை. வேலை முடிந்தது.

தூத்துக்குடிக்கு அப்படியொன்று தேவைதான். வ.உ.சி. துறைமுகம், அனல்மின் நிலையம், 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் கார் ஆலை எனக் குழு குழுவாக ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து போகும் ஊர் இது. பத்து நாள் வேலை, பிறகு அடுத்த ஊர்.

ஆனால் இங்கே அறை கிடைப்பது தேதியையும் வாடகையையும் மட்டும் பொறுத்ததல்ல. ஆய்வுக்காக ஒரு மாதம் தங்க இடம் தேடியபோது என்னிடம் யாரும் முதலில் வாடகையைப் பேசவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். "நாளைக்கு வாங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்." தென்மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த 'நாளைக்கு' என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

செயலியில் அந்த 'நாளைக்கு' ஒரு பொத்தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பெயர் 'உரிமையாளர் ஒப்புதல்'. யார் கேட்கிறார் என்று பார்த்துவிட்டு, காரணம் சொல்லாமல் மறுக்கும் வசதி. ஏர்பிஎன்பி தளத்தைப் பற்றி அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. மற்றதெல்லாம் ஒன்றுபோல இருந்தும், கறுப்பினத்தவருக்குரிய பெயர் இருந்த கணக்குகளுக்கு ஒப்புதல் சுமார் 16 சதவீதம் குறைவு. அந்நிறுவனம் அடுத்த ஆண்டு, விருந்தினரின் படத்தைப் பதிவு உறுதியான பிறகே காட்டுவது என்று மாற்றிக்கொண்டது. நம் ஊரில் படம்கூட வேண்டாம். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் போதும்.

ஆகவே அந்தப் பொத்தானே இருக்கக் கூடாது என்கிறேன். அறை காலி என்று போட்டால், கேட்டவருக்கு அது உறுதி. பெயரும் அடையாள அட்டையும் வந்து சேரும்போது பதிவேட்டில் எழுதுவதற்குத்தான். அதுவரை உரிமையாளருக்குத் தெரிய வேண்டியது ஆள் எண்ணிக்கை மட்டும். வந்த பிறகு திருப்பி அனுப்பினால் அதைத் தொழிலாளியே ஒரே தொடுதலில் பதியட்டும். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 'ஹோட்டல்' என்பதற்குள் லாட்ஜையும் சேர்த்தே சொல்கிறது. தீண்டாமையின் பேரில் அங்கே நுழைய விடாமல் தடுப்பது குற்றம். சட்டம் இருக்கிறது, சாட்சிதான் இருப்பதில்லை. மறுப்பு நேரத்தோடு பதிவானால் புகார் கொடுக்க ஏதோ ஒன்று கையில் மிஞ்சும்.

வேலைக்காக வெளியூர் போய் அறை கிடைக்காமல் நின்றவர்களில் அண்ணல் அம்பேத்கரும் ஒருவர். 1917-இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனவர், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துதான் தங்க முடிந்தது. பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவரைக் கவிழ்க்க, விடுதிப் பதிவேட்டின் பெயர்க் கட்டம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது சிக்கல் பணம். இதற்குத் தூத்துக்குடியிலேயே பழைய கதை இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறப் போனவர்கள் பக்கத்தில் தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகர வில்லைதான் அவர்களுடைய டிக்கெட். அதைக் காட்டினால் பயணம் நடக்கும், காசு கேட்க மாட்டார்கள். பார்க்க எத்தனை எளிமை! செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, அங்கிருந்து தொழிலாளியின் கடனாக இறங்கியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடனோடு ஆளை மாற்றிவிடும் 'துண்டு' முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது.

இன்றைய செயலியில் மேஸ்திரியின் போன் மட்டுமே கணக்கு வைத்திருந்தால் அது தகர வில்லையேதான். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து அவர் பதிவார். யார் யாரோடு படுப்பது, யாருக்குக் கட்டில், யாருக்கு வராந்தா என்பதையும் அவரே முடிவு செய்வார். சாதி அங்கேயும் வேலை பார்க்கும். வேறு மாநிலத்தவருக்குத் தங்குமிடம் தருவது ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமாவது எழுதிவைத்தது. விருதுநகரிலிருந்து வரும் தலித் வெல்டர் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை.

எனவே கட்டில் எண் தொழிலாளியின் சொந்த போனுக்கு வர வேண்டும், சாதாரண பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தியாகவேனும். வாடகை ஒப்பந்ததாரரிடமிருந்து நேராக லாட்ஜுக்குப் போக வேண்டும். எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்ற ரசீதும் தமிழிலோ இந்தியிலோ அதே போனுக்கு வரட்டும். 'ரூம் வாடகை' என்று கூலியில் பிடித்தம் செய்யும் நாளில், அதை எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.