வாடகைக்குக் கொடுப்பவரே வள்ளல்!

தர்மம் என்றதும் பலருக்கும் கட்டிடம்தான் நினைவுக்கு வருகிறது. கட்டிடத்தில் பெயரைப் பொறிக்கலாம். வாடகைச் சீட்டில் பெயரைப் பொறிக்க முடியுமா? முடியாது. ஆனால், சில சமயம் உயிரைக் காப்பது அந்த வாடகைப் பணம்தான்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் 'ஆலி போர்னி மையம்' இருக்கிறது. தன்பாலினரை விரும்புகிறவர்கள், திருநங்கையர், திருநம்பியர் என்பதற்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட இளம் பிள்ளைகளுக்கு அங்கே படுக்கை உண்டு, சாப்பாடு உண்டு.

ஆலி போர்னியும் அப்படி வீதிக்கு வந்தவர்தான். 1997-ம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 22. அந்தப் பெயரிலேயே 2002-ல் மையம் தொடங்கியது.

நடிகையின் உயில்

2009-ம் ஆண்டில் மையத்துக்குப் பெரும் பணமுடை. வாடகை கட்டவே திணறியது.

அதே ஆண்டில் பீ ஆர்தர் என்ற டெலிவிஷன் நடிகை 86 வயதில் காலமானார். உயிலில் மையத்துக்கு 3 லட்சம் டாலர் எழுதி வைத்திருந்தார்! மையம் பிழைத்தது. 2017-ல் அவர் பெயரில், 18 படுக்கைகளுடன் ஓர் இல்லமும் திறக்கப்பட்டது.

கொடுக்க மனம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய மக்களுக்காக விழா நடத்தலாம், ஊர்வலம் நடத்தலாம். அவையும் தேவைதான். ஆனால், இரவில் தலை சாய்க்க இடம் வேண்டாமா? மாதா மாதம் வருகிற வாடகைக்கும் அரிசிக்கும் கொடுப்பவரே முதல் வள்ளல்.

அதைவிடப் பெரிய தர்மம் ஒன்று உண்டு. அதற்குக் காசே வேண்டாம். பெற்றவர்கள் கதவைச் சாத்தாமல் இருந்தால் போதும்!