ஆவணத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சிதம்பரம் அருகே குமராட்சியில் படிக்கும் மாணவி ஒருத்தி, கூடுதலாகத் தெரிந்துகொள்ள இணையத்தில் தமிழில் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'பிரிண்ட்' கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதிய பழைய பாடம் ஒன்று அவளுக்குக் கிடைக்கலாம். அதை அப்படியே தட்டச்சு செய்தால், பைத்தான் 3 பிழை காட்டி நின்றுவிடும். பாடம் எழுதியவர் மீது குற்றமில்லை; பைத்தான் 2-இல் அது சரிதான். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. இது எந்தப் பதிப்புக்கான பாடம் என்று தலைப்பில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். அது இல்லாததால், தனக்குத்தான் புரியவில்லை என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள். இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுத ஆளில்லை என்று சொல்ல முடியாது. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் அதைச் சேர்ந்தவர்களும் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் போன்றவை பற்றி எளிய தமிழில் நூல்கள் எழுதி, யாரும் பகிரலாம் என்ற உரிமத்தில் இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். பெரிய உழைப்பு அது. நமக்குக் குறைவது எழுதியதைப் பராமரிக்கும் ஏற்பாடு. பராமரிக்காத எழுத்துக்கு என்ன நேரும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. குமராட்சியை அடுத்த திருநாரையூரில் பிறந்தவர், திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி. சிதம்பரத்தின் தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை அவர் துணையோடு சோழ மன்னன் மீட்டபோது, பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது என்பது திருமுறை கண்ட வரலாறு. பூட்டி வைத்த ஏடு அழியும். படியெடுக்க ஆள் இருந்தால்தான் நிற்கும். மென்பொருளை விளக்கும் ஆவணத்துக்கு ஆயுள் அதைவிடக் குறைவு.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் கட்டற்ற மென்பொருள் பற்றி நடத்திய ஆய்வில், முழுமையற்ற அல்லது குழப்பமான ஆவணங்கள் ஒரு பிரச்சினை என்று பங்கேற்றவர்களில் 93 சதவீதத்தினர் சொன்னார்கள். அதே ஆய்வில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதத்தினர், ஆவணப் பணியில் தாங்கள் அரிதாகவே ஈடுபடுகிறோம் அல்லது ஈடுபடுவதே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். எல்லோருக்கும் வேண்டியது, யாருடைய பொறுப்பிலும் இல்லை. ஆனால் லினக்ஸ் கருவத்தில் ஆவணங்களுக்கென்று தனிக் கோப்புறை நிரலோடு சேர்ந்தே இருக்கிறது. அதைக் கவனிக்கப் பொறுப்பாளரும் உண்டு. பைத்தானிலும் ஆவணம் நிரலோடுதான் வாழ்கிறது. நிரல் மாறும்போது விளக்கமும் மாறியதா என்று அங்கேயே கேட்க முடிவதால்தான் அவை எளிதில் பழசாவதில்லை.

ஊதியமில்லாமல் நிரல் எழுதுபவரிடம் ஆவணமும் கேட்பது நியாயமா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆவணத்தை அவரே எழுத வேண்டியதில்லை; என்ன மாறியது என்று இரண்டு வரி குறித்தால் போதும், மற்றதை இன்னொருவர் எழுதலாம். ஆங்கிலம் கற்றால் தீரும் என்போரும் உண்டு. கற்கட்டும், அதுவரை நிரலாக்கம் காத்திருக்க வேண்டுமா? இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே என்பதற்கும் பதில் இருக்கிறது: மூலம் காலாவதியாகியிருந்தால், கிடைப்பது காலாவதியான தமிழ்தான். சரிபார்க்க மனிதர் வேண்டும். அந்த மனிதர்கள் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரிலேயே இருக்கிறார்கள். கணினி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணியாக, ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ் ஆவணத்தைப் புதுப்பித்துப் பராமரிப்பதையும் அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏற்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண், கடைசியாகச் சரிபார்த்த தேதி, பொறுப்பாளர் பெயர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடட்டும்.