மண்ணுக்குள் மடியும் எர்த் கம்பி

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! லயத்து வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் மறுநாள் காலைப் பெரட்டிலேயே புகார் வந்துவிடும். விசிறி நின்றுபோனால் கிராணிக்கு நிம்மதி இராது. ஆனால், “எங்கள் வீட்டு எர்த் கம்பி அறுந்துவிட்டது” என்று எவரும் ஆபீசுக்கு வருவதில்லை. வரவும் வழியில்லை. அது அறுந்தாலும் விளக்கு எரியும், விசிறி சுற்றும், ஐஸ்பெட்டி குளிரும். மற்ற கம்பிகள் அன்றாடம் உழைக்கின்றன. எர்த் கம்பியோ ஆபத்து நேரும் ஒரு கணத்துக்காகவே காத்திருக்கிறது. அந்தக் கணத்தில் அது இல்லை என்றால், அதன் வேலையை மனித உடல் செய்ய நேரிடும்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்ளே கம்பியின் மேலுறை உரிந்து, இரும்புக் கூட்டில் மின்சாரம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் நல்ல நிலையில் இருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்கு இறங்கும். பாதுகாப்புச் சாதனம் உடனே இணைப்பைத் துண்டிக்கும். மண்ணுக்குள் கம்பியும் தண்டும் அரித்துப்போய், எர்த்தின் தடை 100 ஓம் ஆகிவிட்டால் என்ன ஆகும்? 230 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். 20 ஆம்பியர் கட்டவுட் இதற்கு அசையவே அசையாது. இயந்திரத்தின் கூடு மின்சாரம் ஏறியபடியே நிற்கும். ஈரக் கையோடு அதைத் தொடப் போகிறவர் யார்? நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தாமே!

“இ.எல்.சி.பி. இருக்கிறதே, பயம் ஏன்?” என்று சிலர் கேட்கிறார்கள். அது நல்ல காவலன்தான். எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியதுதான். 2.3 ஆம்பியர் கசிந்தால் அது துண்டித்துவிடும். ஆனால் எர்த் அடியோடு அறுந்துபோயிருந்தால், மின்சாரம் கசிய வழி ஏது? ஒருவர் தொட்ட பிறகே கசியும்; அதன் பிறகே காவலன் விழிப்பான். அதிலும் 100 மில்லி ஆம்பியரில் விழிக்கும் சாதனம், உயிருக்கு ஆபத்தான அளவு உடலில் பாயும் வரை பேசாமல் இருக்கக்கூடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால், சாதனம் வேலை செய்கிறதா என்று மட்டுமே தெரியும். மண்ணுக்குள் எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது.

இரும்புக்குத் துரு, செம்புக்குக் களிம்பு என்பது நாம் அறிந்ததே. அவை இரண்டும் தோட்டத்தில் விரைவாக வரக் காரணங்கள் உண்டு. ரப்பர் விளையும் நம் மண் புளிப்பு மண். அம்மோனியம் சல்பேட் உரம் அந்தப் புளிப்பை மேலும் கூட்டுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை மண்ணைக் காயவிடுவதில்லை. பாலை உறைய வைக்கும் போர்மிக் அமிலம் இரும்பைத் தின்னும். பால் உறையாமல் காக்கும் அமோனியாவோ செம்பைத் தின்னும்; பித்தளைக் கிளாம்பில் வெடிப்பு விழச் செய்யும். பால் ஸ்டோர் சுவரோரம் இருக்கும் எர்த் இணைப்புக்கு இருபுறமும் பகைதான்.

இவற்றோடு நாமே தேடிக்கொள்ளும் பகையும் ஒன்று உண்டு. செம்பையும் இரும்பையும் ஈர மண்ணில் ஒன்றாகக் கட்டிப் புதைத்தால், டார்ச்சு லைட் பேட்டரிக்குள் நடக்கும் வேலையே அங்கும் நடக்கிறது. பேட்டரியில் துத்தநாகக் கூடு கரைவதுபோல, மண்ணில் இரும்பு கரையும்; செம்பு தப்பிக்கும். இரும்புத் தண்ணீர்க் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு எர்த் என்று சொல்லும் பழைய வழக்கம் இதனால்தான் கூடாது. குழாய் பிளாஸ்டிக்காக மாறியிருந்தால் அது எர்த்தே அல்ல. செம்பு பூசிய எஃகுத் தண்டிலும் செம்பின் கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். அடித்து இறக்கும்போது அது கீறிவிட்டால், கீறிய இடத்தில் எஃகு விரைந்து அரித்துவிடும். எர்த் குழியில் உப்புக் கொட்டினால் தடை குறையும் என்பது உண்மையே. ஆனால் அந்த உப்பு மழையில் கரைந்து போவதற்குள் உலோகத்தை அரித்துவிடும். உப்புக்குப் பதிலாக பென்டோனைட் களிமண் இடுவதே மேல்.

இவற்றைத் தடுப்பது பெரிய வித்தை அல்ல. அமிலக் கழிவுநீர் ஓடும் கால்வாயை விட்டும், உரக் கொட்டகையை விட்டும் தள்ளித் தண்டை இறக்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் இணைப்பை உருக்கி ஒட்டுவது நல்லது; கிளாம்பு போட்டால், தண்டுக்கும் கம்பிக்கும் ஒத்த உலோகமாக இருக்க வேண்டும். இணைப்பின் மேல் ஈரம் புகாத கிரீஸ் நாடாவைச் சுற்றி, திறந்து பார்க்கக்கூடிய மூடியுள்ள குழியில் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மண் காய்ந்திருக்கும் மாதத்தில், எர்த்தின் தடையை அளந்து எழுதி வைக்க வேண்டும். சென்ற ஆண்டு 8 ஓம், இந்த ஆண்டு 30 ஓம் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் அரிப்பு நடக்கிறது என்று பொருள். இவை யாவும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனின் வேலை. மின்சாரம் இருக்கையில் எர்த் கம்பியை நாமே கழற்றிப் பார்க்கக் கூடாது. அது உயிரோடு விளையாடுவதாகும்.

செலவு என்று நிர்வாகம் முணுமுணுக்கலாம். பற்று வரவு எழுதும் கிராணி என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு கிளாம்பும் ஒரு சுருள் நாடாவும் வயர்மேனின் ஒரு நாள் கூலியும் எந்தத் தோட்டத்துக் கணக்கையும் கவிழ்த்துவிடா. வீடு கொடுத்த நிர்வாகத்துக்கு அந்த வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பும் உண்டு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

ஆகவே, அடுத்த குழுக் கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் ஒன்று கேட்கட்டும்: “ஒவ்வொரு லயத்தின் எர்த்தையும் கடைசியாக அளந்தது எப்போது? அளவு எத்தனை ஓம்?” அந்தத் தேதியையும் அளவையும் லயத்து மீட்டர்ப் பெட்டியிலும் பால் ஸ்டோர்ச் சுவரிலும் அனைவரும் பார்க்க ஒட்டச் சொல்ல வேண்டும். தேதி இல்லாத இடத்தில் எர்த்தும் இல்லை என்றே நாம் கொள்வோம். விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பி நம் பிள்ளைகளை ஈரத்தரையில் நடக்கவிட முடியாது!